விரைவு முடிதிருத்தகத்துக்கு முதன்முறை செல்லும் சேலத்துக்காரர்களுக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

விரைவு முடிதிருத்தகம் என்பது எது? நம் தெருச் சலூனிலிருந்து அது எதில் வேறுபடுகிறது?

முடி வெட்டுவதை மட்டும் செய்து, அதைப் பத்துப் பதினைந்து நிமிடங்களுக்குள் முடித்து, பலகையில் எழுதியிருக்கும் குறைந்த விலையை வாங்கிக்கொண்டு அடுத்தவரை அழைக்கும் கடையையே இங்கே விரைவு முடிதிருத்தகம் என்று குறிப்பிடுகிறேன். சேவிங், தலைச்சாயம், முகப்பூச்சு, எண்ணெய் தேய்த்துத் தலையைப் பிசையும் மசாஜ் ஆகியவை அங்கே இருப்பதில்லை. எங்காவது இருந்தாலும் தனிக் கட்டணத்தில் நடக்கும். செவ்வாய்ப்பேட்டையிலோ அம்மாபேட்டையிலோ தெருமுனைச் சலூனில் அமர்ந்து "கட்டிங், சேவிங்" என்று இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லிப் பழகியவருக்கு இது முதலில் பாதி வேலையாகவே தோன்றும். நாளிதழ் புரட்டியபடி காத்திருப்பதும், ஊர் நிலவரம் பேசுவதும், சில்லறை இல்லாவிட்டால் அடுத்த முறை கொடுத்துக்கொள்வதும் அங்கே கிடையா.

இந்த முறை எங்கிருந்து வந்தது?

ஜப்பானிலிருந்து வந்தது. தோக்கியோவின் கண்டா பகுதியில் 1996-இல் முதல் கடையைத் திறந்த கியூபி ஹவுஸ் நிறுவனம் "பத்து நிமிடம், ஆயிரம் யென்" என்ற கணக்கை அறிமுகப்படுத்தியது. அக்காலத்து ஜப்பானிய முடிதிருத்தகங்களில் தலை கழுவுதல், சவரம், சூடான துண்டு, தோள் பிடித்துவிடுதல் எனப் பல வேலைகள் சேர்ந்து ஒரு மணி நேரம் வரை ஆகும். கட்டணமும் அதற்கேற்பக் கூடுதலாக இருக்கும். அவற்றையெல்லாம் நீக்கிவிட்டு, வீட்டில் நாமே செய்துகொள்ள முடியாத ஒரே வேலையான வெட்டுவதை மட்டும் விற்கலாம் என்பதே அதன் நிறுவனர் கண்ட வழி. பணத்தை எந்திரத்தில் போட்டுச் சீட்டு எடுக்க வேண்டும் என்பதால் கல்லாவுக்கு ஆள் தேவைப்படவில்லை. கூட்டம் எவ்வளவு என்பதை வாசலில் உள்ள பச்சை, மஞ்சள், சிவப்பு விளக்குகள் தெரிவித்தன. தலை கழுவுவதற்குப் பதிலாக, கூரையிலிருந்து இறங்கும் உறிஞ்சு குழாயால் முடித்துகள்களை இழுத்துவிட்டார்கள். பின்னாளில் அங்குள்ள சில மாகாணங்கள் முடிதிருத்தகத்தில் தலை கழுவும் தொட்டி கட்டாயம் என்று விதி இயற்றியதற்கு இத்தகைய கடைகளின் பெருக்கமும் ஒரு காரணம். ஆயிரம் யென்னாக இருந்த விலை 2019-இல் 1,200 யென்னாகவும், 2023-இல் 1,350 யென்னாகவும் உயர்ந்தது. சிங்கப்பூரில் வேலை பார்த்துத் திரும்பியவர்களுக்கு இந்த வகைக் கடை புதிதன்று. அங்கே வணிக வளாகங்களிலும் ரயில் நிலையங்களிலும் அது சாதாரணக் காட்சி.

நம் ஊரில் குறைந்த விலைப் பலகை மாட்டிய கடைகள் எல்லாமே இந்த முறையைப் பின்பற்றுகின்றன என்று எண்ணிவிட வேண்டாம். சில கடைகள் விலையை மட்டும் எடுத்துக்கொண்டு, விலையைக் குறைக்க உதவிய ஏற்பாட்டை விட்டுவிடுகின்றன. அடுத்த கேள்வியின் வேர் இதில்தான் இருக்கிறது.

பத்து நிமிடத்தில் முடித்தால் வெட்டு அரைகுறையாக இருக்காதா?

நியாயமான அச்சம்தான். வழக்கமான சலூனில் நாம் செலவிடும் முக்கால் மணி நேரத்தில் கத்திரியும் மிஷினும் உண்மையில் தலையில் இருக்கும் நேரத்தைக் கணக்கிட்டுப் பார்த்தால், குட்டையான ஆண் முடிக்கு அது பத்து நிமிடத்தை ஒட்டியே வரும். மீதி நேரம் காத்திருப்பிலும், நடுவில் வரும் தொலைபேசி அழைப்பிலும், சவரத்திலும், பவுடர் பூசுவதிலும் கழிகிறது. நல்ல விரைவுக் கடை அந்த மீதியைத்தான் நீக்குகிறது. வெட்டும் நேரத்தில் கை வைப்பதில்லை. மோசமான விரைவுக் கடையோ சுற்றியுள்ளவற்றை அப்படியே வைத்துக்கொண்டு, வெட்டுவதிலேயே நேரத்தைத் திருடுகிறது.

இரண்டையும் பிரித்தறிவது கடினமன்று. உங்களுக்கு முன்னால் இருப்பவருக்கு வெட்டும்போது கவனியுங்கள். முடிப்பதற்கு முன் நேர் எதிரே வந்து நின்று இருபக்கமும் சமமாக இருக்கிறதா என்று பார்க்கிறாரா, பின்புறத்தைக் கைக்கண்ணாடியில் காட்டுகிறாரா, மேல்முடிக்குக் கத்திரி எடுக்கிறாரா அல்லது எல்லாவற்றுக்கும் மிஷினையே ஓட்டுகிறாரா என்ற மூன்றையும் பார்த்தால் போதும். மூன்றும் இல்லாவிட்டால் எழுந்து வெளியே வந்துவிடுவதே நல்லது. அதற்கு ஒருவரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

ஆனால் பத்து நிமிடத்தில் ஆகாத வேலைகளும் உண்டு. தோள்வரை வளர்ந்த முடியை அடுக்கடுக்காக வெட்டுவதும், தோல் தெரியும் இடத்திலிருந்து படிப்படியாக அடர்த்தி கூடும் நுணுக்கமான ஃபேடும், மிக அடர்ந்த சுருள்முடியும், இதுவரை வைத்திராத ஒரு பாணிக்கு மாறுவதும் அவசரத்துக்கு இடம் கொடுக்காதவை. ஏற்கெனவே உள்ள வெட்டு வளர்ந்து கலைந்திருக்கிறது, அதை மறுபடி அளவுக்குக் கொண்டுவர வேண்டும் என்பவருக்கே இந்தக் கடை. பெண் பார்க்கப் போவதற்கு முதல் நாளோ, வேலைக்கான நேர்காணலுக்கு முதல் நாளோ இங்கே முதன்முறையாகத் தலையைக் கொடுக்காதீர்கள்.

போவதற்கு முன் எப்படித் தயாராக வேண்டும்?

தலையில் எண்ணெய் இருக்கக் கூடாது. தேங்காயெண்ணெய் தடவிய முடி மிஷினின் பற்களில் பிசுபிசுப்பாக அடைத்துக்கொள்ளும். ஒன்றோடொன்று ஒட்டிக் கிடப்பதால் உண்மையான நீளமும் அடர்த்தியும் வெட்டுபவர் கண்ணுக்குத் தெரியாது. இங்கே தலை கழுவிவிட ஆள் இல்லை என்பதால், முதல் நாளே தலைக்குக் குளித்து, எண்ணெய் வைக்காமல், முடியை நன்றாக உலரவிட்டுச் செல்ல வேண்டும். தலைக்கவசம் அணிந்து வண்டியில் வந்தால் முடி அமுங்கிப்போயிருக்கும். நாற்காலியில் அமர்வதற்கு முன் விரல்களால் கோதி, நீங்கள் வழக்கமாக வைத்துக்கொள்ளும் வகிட்டை எடுத்துவிடுங்கள்.

உடையும் முக்கியம். கழுத்துப் பட்டை இல்லாத, பழைய பருத்திச் சட்டை போதும். கைப்பையில் ஒரு சிறு துண்டு வைத்துக்கொள்ளுங்கள். அதன் பயன் கடையை விட்டு வெளியே வந்ததும் தெரியும்.

நாற்காலியில் அமர்ந்ததும் என்ன சொல்ல வேண்டும்?

முதன்முறை செல்பவர்கள் தடுமாறும் இடம் இது. இருபது ஆண்டுகளாக ஒரே கடைக்குப் போகிறவர் "எப்பவும் போல" என்று சொன்னால் அங்கே வேலை நடந்துவிடும். விரைவுக் கடையில் உங்கள் "எப்பவும்" எது என்று தெரிந்தவர் எவரும் இல்லை. அடுத்த முறை போனாலும் வேறொருவர் நிற்பார். பல கடைகளில் வெட்டுபவர் வடமாநிலத்திலிருந்து வந்தவராக இருப்பதும் உண்டு. "மீடியமா வெட்டுங்க", "ரொம்பக் குறைக்காதீங்க" போன்ற சொற்களை ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாகப் புரிந்துகொள்வார்கள். எனவே எண்ணிலும் இடத்திலும் பேச வேண்டும்.

மிஷினின் முன்னால் மாட்டும், சீப்பு போன்ற கார்டுக்கு (guard) எண் உண்டு. ஒன்றாம் எண் ஏறக்குறைய 3 மில்லிமீட்டர், இரண்டாம் எண் 6, மூன்றாம் எண் 10, நான்காம் எண் 13 மில்லிமீட்டர் முடியை விட்டுவைக்கும். கார்டே இல்லாமல் ஓட்டுவதைத்தான் ஜீரோ என்கிறார்கள். உங்கள் எண் எதுவென்று தெரியாவிட்டால் நான்கிலிருந்து தொடங்கச் சொல்லுங்கள். போதாதென்றால் மூன்றுக்கு இறங்குவது ஒரு நிமிட வேலை, மூன்றிலிருந்து நான்குக்கு ஏறுவதற்கோ பத்து நாள் ஆகும். மேல்முடிக்கு எவ்வளவு விட வேண்டும் என்பதைக் காட்டிலும் எவ்வளவு எடுக்க வேண்டும் என்று சொல்வதே எளிது. ஒரு விரல் அளவு, அரை விரல் அளவு என்று கையால் பிடித்துக் காட்டினால் மொழியே தேவையில்லை. அடுத்து கிருதா எங்கே முடிய வேண்டும், பிடரியில் வட்டமா, சதுரமா, இயல்பாகக் கரைந்து மறையும்படியா (இதையே டேப்பர் என்கிறார்கள்) என்ற இரண்டையும் சொல்லிவிடுங்கள். பிடரியில் கரைத்துவிடுவதே வளரும்போது அசிங்கமாகத் தெரியாது. சதுரக் கோடு ஒரு வாரத்தில் கலைந்துவிடும்.

எல்லாவற்றையும் சேர்த்து ஒரே வாக்கியமாகச் சொல்லலாம்: "அண்ணா, சைடும் பின்னாலயும் மூணாம் நம்பருங்க, மேல கத்திரியில ஒரு விரல் எடுங்க, கிருதா பாதிக் காது வரைக்கும் இருக்கட்டும், பின்னால டேப்பர் பண்ணிருங்க." வெட்டுபவர் இளையவராக இருந்தால் "தம்பி" என்று தொடங்கினாலும் "ங்க" விட்டுப்போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள், கத்தி அவர் கையில் இருக்கிறது என்பதற்காக மட்டும் சொல்லவில்லை.

உச்சியில் சுழி உள்ளவர்கள், அதிலும் இரட்டைச் சுழி உள்ளவர்கள், அதை முன்கூட்டியே தொட்டுக் காட்ட வேண்டும். அந்த இடத்தில் முடியை இரண்டுங்கெட்டானாகக் குறைத்தால் குத்திட்டு நிற்கும். கொஞ்சம் நீளமாக விட்டால் படியும், மிகவும் குட்டையாக்கினால் நிமிர்ந்தாலும் தெரியாது. தண்ணீர் தெளித்து வெட்டும்போது முடி நீண்டு தெரியும், உலர்ந்தபின் மேலே ஏறிக்கொள்ளும். சுருள்முடிக்காரர்கள் இதை மனத்தில் கொண்டு நினைத்ததைவிடச் சற்றுக் குறைவாகவே எடுக்கச் சொல்ல வேண்டும். மூக்குக்கண்ணாடி அணிபவர்கள் அதைக் கழற்றுவதற்கு முன்பே எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, பக்கவாட்டு வேலை முடிந்ததும் ஒருமுறை நிறுத்தச் சொல்லி மாட்டிப் பார்ப்பது நல்லது. முந்தைய முறை நன்றாக அமைந்தபோது முன்னும் பின்னும் பக்கமும் எடுத்த உங்கள் சொந்தப் படங்கள் கைப்பேசியில் இருந்தால் அவற்றைக் காட்டுங்கள். நடிகர் படத்தைக் காட்டுவதால் பெரும் பயனில்லை, ஏனெனில் அது அவருடைய மண்டை, அவருடைய முடி.

தலை கழுவ மாட்டார்கள் என்றால் உடம்பெல்லாம் முடி ஒட்டிக்கொள்ளாதா?

ஒட்டிக்கொள்ளும். உறிஞ்சு குழாய் உள்ள கடையில் பெரும்பகுதி போய்விடும். இல்லாத கடையில் காற்றடிக்கும் கருவியும் பவுடர் தூவிய பிரஷும்தான். சேலத்துக் கோடையில் வியர்வையோடு சேர்ந்த முடித்துகள் பிடரியில் ஏற்படுத்தும் அரிப்பைப் பொறுத்துக்கொண்டு அலுவலகத்தில் மாலைவரை உட்கார முடியாது. கழுத்தில் துணி போர்த்துவதற்கு முன் காகிதப் பட்டையோ உங்கள் துண்டோ சுற்றச் சொல்லுங்கள். வெட்டி முடித்ததும் தலையைக் குனிந்து விரல்களால் நன்றாக உதறிவிட்டு, ஈரமில்லாத துண்டால் கழுத்தைக் கீழ்நோக்கித் துடையுங்கள். ஈரத்துணியால் துடைத்தால் துகள் தோலிலேயே படிந்துவிடும். முடி வெட்டியதும் குளித்துவிட்டே வீட்டுக்குள் மற்ற வேலை என்று பழகிய குடும்பங்களுக்கு இதில் சிக்கலே இல்லை. சிக்கல் மதிய உணவு இடைவேளையில் ஓடிவந்து வெட்டிக்கொள்பவர்களுக்குத்தான். அவர்கள் மாலை நேரத்துக்கு மாற்றிக்கொள்வது நலம்.

தாடியையும் சேர்த்துச் செய்வார்களா?

பெரும்பாலும் இல்லை. டிரிம்மர் ஓட்டிச் சமன்படுத்துவதைச் சில கடைகள் கூடுதல் கட்டணத்துக்குச் செய்கின்றன. அமர்வதற்கு முன் கேட்டுவிடுங்கள்.

சுத்தத்தை எப்படி உறுதிப்படுத்திக்கொள்வது?

ஒரு தலைக்கும் அடுத்த தலைக்கும் இடையே உள்ள நேரம் குறையக் குறைய, கருவியைத் துடைக்கும் நேரமும் குறையும். மலிவான விரைவுக் கடையில் நான் விலையைவிட இதைத்தான் முதலில் பார்ப்பேன். மிஷினின் பற்களில் முந்தையவரின் முடி இருக்கிறதா, அதைப் பிரஷால் தட்டிய பிறகு கிருமிநாசினி தெளிக்கிறாரா, சீப்பைக் கரைசலில் ஊறவைக்கிறாரா என்று பாருங்கள். படர்தாமரை எனும் பூஞ்சைத் தொற்று ஒருவர் தலையிலிருந்து இன்னொருவர் தலைக்கு மிஷின், சீப்பு, துண்டு வழியாகப் பரவக்கூடியது, பேனும் அப்படியே.

கிருதாவையும் பிடரியையும் சீராக்கக் கத்தி எடுத்தால், புதிய பிளேடைப் பிரித்து மாட்டுவதை உங்கள் கண்ணால் பார்க்க வேண்டும். ஹெபடைடிஸ் பி வைரஸ் உடலுக்கு வெளியே குறைந்தது ஏழு நாள்வரை தொற்றும் திறனோடு இருக்கக்கூடியது என்பதால், கண்ணுக்குத் தெரியாத இரத்தத் துளியும் போதுமானது. சிறு கீறலுக்குப் படிகாரம் தேய்ப்பது இரத்தத்தை நிறுத்துமே தவிர, கிருமிகளை ஒழிக்கும் என்று நம்பிவிட முடியாது. அதே கட்டியைப் பலர் முகத்தில் தேய்ப்பது இன்னும் மோசம். "புது பிளேடு போடுங்க" என்று சொல்லக் கூச்சப்படுகிறவர்கள், "கத்தி வேண்டாம், டிரிம்மர் போதும்" என்று சொல்லிவிடலாம்.

ஒரு வகையில் விரைவுக் கடை பாதுகாப்பானது. தலையைச் சட்டென்று பக்கவாட்டில் திருப்பிக் கழுத்தில் நெட்டி எடுக்கும் வழக்கம் அங்கே இல்லை. கழுத்தின் இரத்தக்குழாய் கிழிந்து பக்கவாதம் வரை போகலாம் என்று மருத்துவர்கள் எச்சரிக்கும் அந்தப் பழக்கத்தை, வேறெந்தக் கடையில் செய்ய வந்தாலும் மறுத்துவிடுங்கள்.

எந்த நாளில், எந்த நேரத்தில் போகலாம்?

தமிழ்நாட்டில் செவ்வாய்க்கிழமை பெரும்பாலான தெருச் சலூன்களுக்கு விடுமுறை. நிறுவனமாக நடத்தப்படும் கடைகள் அன்றும் திறந்திருப்பது உண்டு. நாள், கிழமை பார்க்காதவர்களுக்கு அதுவே அமைதியான நாள். வெள்ளியும் அமாவாசையும் கூட்டம் குறைவு. ஞாயிறு காலையில் விரைவுக் கடை என்ற பெயருக்கே பொருள் இருக்காது, ஏனெனில் வெட்டுவது பத்து நிமிடமாக இருந்தாலும் முன்னால் எட்டுப் பேர் இருந்தால் கணக்கு வேறு. கோட்டை மாரியம்மன் கோயில் ஆடிப் பண்டிகை, தீபாவளி, பொங்கல் ஆகியவற்றுக்கு முந்தைய நாள்களிலும் இதே நிலைமைதான். கார்த்திகையில் மாலை போட்டவர்கள் முடி வெட்டாமல் இருப்பதால் கடைகளில் சற்று நெரிசல் குறைந்து, மாலை கழற்றியதும் ஒரேயடியாகக் கூடும். ஐந்து ரோடு, புதிய பேருந்து நிலையம் போன்ற இடங்களில் வேலைநாள் முற்பகலில், பதினொரு மணியை ஒட்டிப் போனால் காத்திருக்க வேண்டியிராது.

குழந்தைகளையும் முதியவர்களையும் அழைத்துச் செல்லலாமா? பெண்களுக்கு வெட்டுவார்களா?

மிஷின் சத்தத்துக்கு அழும் குழந்தைக்கு இது ஏற்ற இடமன்று. சமாதானப்படுத்தி, பொம்மை காட்டி, இடைவெளி விட்டு வெட்டும் பொறுமைக்கு இங்கே நேரம் ஒதுக்கப்படவில்லை. பள்ளிக்கூடத்துக்காக மாதாமாதம் ஒரே மாதிரி வெட்டிக்கொள்ளும் பையன்களுக்கு இதைவிடச் சிக்கனமான வழி இல்லை. முதியவர்களில் நடமாட்டம் உள்ளவர்களுக்குப் பிரச்சினை இல்லை. இரத்தத்தை இளக்கும் மாத்திரை உட்கொள்பவர்கள் கத்தி படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். பெண்களைப் பொறுத்தவரை, ஜப்பானிலும் சிங்கப்பூரிலும் இருபாலருக்கும் வெட்டுகிறார்கள். இங்கே பல கடைகள் ஆண்களுக்கு மட்டுமானவை. இருபாலருக்கும் உள்ள கடையாக இருந்தால், முடியின் நுனியை நேராக ஓரிரு அங்குலம் வெட்டிக்கொள்ளப் போகலாம். அதற்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம்.

பலகையில் உள்ள விலைதான் கடைசி விலையா? டிப்ஸ் கொடுக்க வேண்டுமா?

அமர்வதற்கு முன் "இதுல எல்லாம் சேர்த்துங்களா?" என்று ஒரு கேள்வி கேட்டுவிடுங்கள். "மிஷின் கட் தனி, கத்திரி கட் தனி", "வார இறுதியில் கூடுதல்" போன்ற வரிகள் பலகையில் பொடி எழுத்தில் இருக்கலாம். சலூன் சேவைக்கு 18 விழுக்காடாக இருந்த ஜிஎஸ்டி, 2025 செப்டம்பர் 22 முதல் 5 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது. ஆண்டு வருவாய் 20 லட்சம் ரூபாய்க்கு உட்பட்ட சிறு கடைகள் ஜிஎஸ்டி பதிவு செய்ய வேண்டியதில்லை. எனவே வரி சேர்த்துக் கேட்டால், பதிவு எண் அச்சிட்ட பில்லைக் கேட்டு வாங்கலாம். முடிவதற்கு முன்பே முடி உதிர்வுக்குச் சீரம், பொடுகுக்கு ஸ்பா என்று பேச்சு தொடங்கினால், மலிவு விலை எதற்காக வைக்கப்பட்டது என்பது புரிந்துவிடும். "வேண்டாங்க" என்ற ஒரு சொல்லுக்கு மேல் விளக்கம் தர வேண்டியதில்லை.

டிப்ஸ் கட்டாயமில்லை. கொடுக்க விரும்பினால் ஜிபே-யில் சேர்த்து அனுப்பாமல் வெட்டியவர் கையில் ரொக்கமாகக் கொடுங்கள், ஏனெனில் கியூஆர் அட்டையில் போடும் பணம் முதலாளி கணக்குக்குப் போகிறது. நாள் முழுதும் நின்றபடி ஒரு தலைக்குப் பின் இன்னொரு தலை என்று வெட்டுகிறவர் அவர்.

வெட்டு பிடிக்காவிட்டால் என்ன செய்வது?

போர்வையை எடுப்பதற்கு முன் சொல்ல வேண்டும். பக்கம் சமமில்லை, காதுக்குப் பின்னால் திட்டாக இருக்கிறது, மேலே கனம் குறையவில்லை போன்றவற்றை இரண்டு நிமிடத்தில் சரிசெய்யலாம். எந்த நல்ல கடையும் மறுக்காது. கூட்டம் காத்திருக்கிறதே என்று நீங்கள் தயங்க வேண்டியதில்லை. அதிகமாக வெட்டிவிட்டார் என்பதற்கு மட்டும் மருந்தில்லை.

ஏற்காட்டில் இருக்கிறோம். இதற்காகச் சேலத்துக்கு இறங்கி வருவது தகுமா?

இதற்காகவே என்றால் தகாது. இருபது கொண்டையூசி வளைவுகளில் இறங்கி, மறுபடி ஏறுவதற்குள் அரைநாள் போய்விடும். ஏற்காட்டின் ஒண்டிக்கடைப் பக்கத்திலேயே வெட்டிக்கொண்டு வீட்டுக்குப் போகலாம். மருத்துவமனைக்கோ கொள்முதலுக்கோ வந்த நாளில் சேர்த்துக்கொண்டால் மிச்சம்தான். அப்படி வரும்போது மலைக்குளிருக்குப் போட்ட கம்பளி ஸ்வெட்டரைக் கழற்றிப் பையில் வைத்துவிட்டு நாற்காலியில் அமருங்கள். கம்பளியில் புகுந்த முடி துவைத்தாலும் போகாது.

பழைய கடையை விட்டுவிட வேண்டுமா?

விட வேண்டியதில்லை, நானும் விடவில்லை. வீட்டில் எழுந்து நடக்க முடியாத பெரியவர் இருந்தால் பெட்டியோடு வீட்டுக்கே வந்து வெட்டிவிட்டுப் போவது தெருக் கடைக்காரர்தான். பாணியை மாற்றும்போது அவரிடமும், இடையில் சீர்செய்ய விரைவுக் கடையிலும் என்று பிரித்துக்கொள்பவர்கள் இருக்கிறார்கள். அவர் அதைக் கண்டுபிடித்துவிடுவார் என்பது வேறு விஷயம், பிடரியைப் பார்த்தாலே "எங்க வெட்டுனீங்க?" என்று கேட்பார்.

எத்தனை நாளுக்கு ஒருமுறை போவது சரி?

தலைமுடி மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் வளர்கிறது. பக்கவாட்டில் இரண்டாம் எண் வைப்பவருக்கு 6 மில்லிமீட்டர் என்பது மூன்று வாரத்திலேயே இரட்டிப்பாகிவிடும் என்பதால், மூன்று வாரத்துக்கு ஒருமுறை தேவைப்படும். நான்காம் எண்ணும் கத்திரி வெட்டும் என்றால் ஐந்து, ஆறு வாரம் தாங்கும். ஆக, பலகையில் உள்ள விலை குறைவாக இருந்தாலும், குட்டையாக வெட்டி அடிக்கடி போகிறவரின் ஆண்டுச் செலவு, தெருச் சலூனில் நிதானமாக வெட்டிக்கொள்பவரின் செலவைத் தாண்டிவிடலாம். எண்ணைத் தேர்ந்தெடுக்கும்போதே இந்தக் கணக்கையும் போட்டுக்கொள்ளுங்கள்.